கிழித்த டிக்கெட்டின் மறுபாதி

(மண்ணூர்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஓர் எண்ணைப் பற்றி. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைக்கில் சொல்வார்கள். மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். 'அரங்கம் நிரம்பி வழிந்தது, ஐம்பதாயிரம் ரசிகர்கள் கண்டு களித்தார்கள்' என்று. அந்த ஐம்பதாயிரம் யார் எண்ணியது? எந்த வாசலில் நின்று எண்ணியது? எண்ணிச் சொன்னார்களா, எண்ணாமலே சொன்னார்களா? விளையாட்டுக் கழகங்கள் சொல்லும் கூட்டக் கணக்கு நேர்மையான கணக்குதானா? இதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்க மண்ணூர்பேட்டையைவிடப் பொருத்தமான ஊர் ஏது? இது எண்ணிப் பிழைக்கிற ஊர். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இங்கே வீட்டுக்கு ஒருவராவது எதையாவது எண்ணிச் சம்பளம் வாங்கியிருக்கிறோம். ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ், அதில் எத்தனை ரிஜெக்‌ஷன், எத்தனை பெட்டி லாரி ஏறியது, கேட் பாஸில் எத்தனை என்று எழுதியிருக்கிறது. ஒன்று குறைந்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவார். ஒன்று கூடினாலும் கூப்பிடுவார்.

நான் முப்பத்திரண்டு வருஷம் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை பார்த்தவன். காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். கார்டை மெஷினில் செருகி ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். ஏழு மணிக்குள் நான் மூன்று தாள் எழுதியாக வேண்டும். ஒன்று கேன்டீனுக்கு, ஒன்று மேனேஜருக்கு, ஒன்று பாதுகாப்பு அலுவலருக்கு. ரோலில் ஐந்நூறு பேர் இருப்பார்கள். அன்றைக்கு உள்ளே வந்தவர் 412 பேர் என்றால், நான் எழுதுவது 412. ரோலில் பேர் இருக்கிறதே என்று 500 எழுதிவிட்டால் என்ன ஆகும்? கேன்டீனில் எண்பத்தெட்டு பேர் சோறு வீணாகும். அதுகூடப் பரவாயில்லை. தீ விபத்து ஒத்திகை நடக்கும்போது எல்லோரும் மரத்தடியில் கூடுவார்கள். தலையை எண்ணுவோம். 412 பேர் உள்ளே போனார்கள், மரத்தடியில் 411 பேர்தான் நிற்கிறார்கள் என்றால், ஒருவர் இன்னும் உள்ளே இருக்கிறார். என் தாளில் இருப்பது பொய்யான எண் என்றால், அந்த ஒருவரைத் தேடி யாருமே போக மாட்டார்கள்.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முழுக்க இதற்குத்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறேன். ரோலில் இருப்பவர் ஓர் எண். உள்ளே வந்தவர் இன்னோர் எண்.

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கதை உண்டு, என் கண்ணால் பார்த்தது.

எனக்கு இருபது வயது இருக்கும். நம் பக்கத்தில் ஒரு திடலில் மூன்று நாள் கபடிப் போட்டி. இரவு ஆட்டம். சவுக்குக் கட்டை நட்டு, பலகை அடித்து, கேலரி கட்டியிருந்தார்கள். டிக்கெட் இரண்டு ரூபாய். வாசலில் டிக்கெட்டைக் கிழித்து, பாதியை ஆளிடம் கொடுத்து, மறுபாதியைத் தகர டப்பாவில் போடுகிற வேலை எனக்கு. கடைசி நாள் ஆட்டம் முடிந்ததும் ஒரு கடையின் பின்கட்டில் பாயை விரித்து, டப்பாவைக் கவிழ்த்தோம். நூறு நூறாக அடுக்கி ரப்பர் போட்டோம். பதினொரு கட்டு, அதற்குமேல் நாற்பத்தாறு துண்டு. 1,146 பேர். நான் இரண்டு தடவை எண்ணினேன். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே வெளியே மேடையில் மைக்கில் சொல்கிறார்கள், 'இன்றைய இறுதி ஆட்டத்தைக் கண்டுகளித்த பத்தாயிரம் பெருமக்களுக்கு நன்றி' என்று.

பெரிய தப்பாக எனக்கு அப்போது படவில்லை. மேடைப் பேச்சுதானே என்று விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் அதே போட்டி. நோட்டீசில் 'சென்ற ஆண்டு பத்தாயிரம் பேர் திரண்ட மாபெரும் போட்டி' என்று அச்சடித்தார்கள். அதைக் காட்டிக் கடை போடுகிறவர்களிடம் இடவாடகையை மூன்று மடங்கு ஆக்கினார்கள். சோடாக் கடைக்காரர் கொடுத்தார். பஜ்ஜிக் கடைக்காரர் கொடுத்தார். சுண்டல் விற்கிற ஓர் அம்மா, கம்மலை அடகு வைத்துக் கொடுத்தார். பத்தாயிரம் பேர் வருவார்கள் என்று நம்பி, அண்டா நிறையப் பட்டாணி வேகவைத்துக் கொண்டுவந்தார். அன்றைக்கும் அதே ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் வந்தார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த அண்டாவை ஒரு பக்கம் அந்த அம்மா, ஒரு பக்கம் அவர் பையன் பிடித்துக்கொண்டு திடலைத் தாண்டிப் போனார்கள். பாதிக்குமேல் அப்படியே இருந்தது. வாசலில் என்னைப் பார்த்து, 'கூட்டம் ஏன்ப்பா கம்மியாயிடுச்சு?' என்று கேட்டார். கூட்டம் கம்மியாகவில்லை அம்மா, முன்பும் இவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தின வருஷம் எண்ணியவன் நான். வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்.

அன்பர்களே! மைக்கில் ஓர் எண்ணைக் கூட்டிச் சொன்னால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்கு அந்த அண்டாவைத்தான் நான் காட்டுவேன்.

சரி, இது உள்ளூர்த் திடல். பெரிய கழகங்கள், கோடிக்கணக்கில் பணம் புரளும் போட்டிகள், அங்கே என்ன நடக்கிறது?

அங்கே மூன்று எண்கள் உண்டு. மைதானத்தில் இருக்கிற இருக்கைகள் ஓர் எண். விற்ற டிக்கெட்டும் கொடுத்த ஓசி பாஸும் சேர்ந்து ஓர் எண். வாசலைத் தாண்டி உள்ளே வந்த தலைகள் ஓர் எண். கழகம் 'வருகை' என்று சொல்லும்போது இந்த மூன்றில் எதைச் சொல்கிறது? சொல்கிறவருக்குத் தெரியும். கேட்கிறவருக்குத் தெரியாது. ஏமாற்று அங்கேதான் புகுந்துகொள்கிறது.

இங்கிலாந்தைப் பாருங்கள். பிரீமியர் லீக்கில் பெரும்பாலும் விற்ற டிக்கெட்டைத்தான் வருகை என்று அறிவிக்கிறார்கள். வருஷம் முழுக்கச் செல்லும் சீசன் டிக்கெட் வாங்கியவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாலும் அவர் மைதானத்தில் இருந்ததாகக் கணக்கு. அதாவது ரோலில் இருப்பவர் எல்லாம் ஷிப்டுக்கு வந்ததாக எழுதுகிற கணக்கு! லண்டனில் வெஸ்ட் ஹாம் அணி ஒலிம்பிக் மைதானத்துக்குக் குடிபோன பிறகு, அங்கே உள்ளே வந்த தலைகளின் பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் பிபிசி கேட்டு வாங்கியது. கழகம் சொன்ன சராசரிக்கும் வாசல் கணக்குக்கும் இடையில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேர் வித்தியாசம். ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டாயிரம்! மேடவாக்கத்திலோ ஆவடியிலோ ஒரு பேட்டையே காணாமல் போனதுபோல.

அமெரிக்காவில் பேஸ்பால். அங்கே நேஷனல் லீக் அணிகள் 1992 வரை வாசலில் சுழலும் கம்பிக் கதவைத் தாண்டியவர்களைத்தான் எண்ணின. 1993 முதல் விற்ற டிக்கெட்டுக்கு மாறிக்கொண்டன. ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிவந்த அமெரிக்கன் லீக்கோடு சேர்ந்துகொண்டன. நேர்மையாக எண்ணிக்கொண்டிருந்தவர்கள், எண்ணாதவர்களைப் பார்த்து மாறினார்கள். வருத்தமான விஷயம், ஆனால் மேலே போவோம், ஏனென்றால் இதற்கு நேர் எதிராக நடந்த கதை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. அதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

டோக்கியோ டோம் என்று ஒரு மைதானம். மேலே கூரை போட்டது. யோமியுரி ஜயன்ட்ஸ் அணியின் வீடு. அங்கே ஆட்டம் என்றால் அறிவிப்பு எப்போதும் ஒன்றுதான், ஐம்பத்தைந்தாயிரம் பேர், நிறைந்த அரங்கம். இன்றும் ஐம்பத்தைந்தாயிரம். நாளையும் ஐம்பத்தைந்தாயிரம். மழை பெய்தாலும் அதே எண், வெயில் அடித்தாலும் அதே எண். அந்த மைதானத்தில் அத்தனை பேர் உட்கார இடமே கிடையாது என்பது ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பல வருஷம் அந்த எண் ஓடியது.

2004-ல் ஜப்பான் பேஸ்பாலில் பெரிய நெருக்கடி வந்தது. இரண்டு அணிகளை ஒன்றாக இணைக்கப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் செப்டம்பரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பான் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றிலேயே முதல் வேலைநிறுத்தம் அது. ரசிகர்கள் ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றார்கள். 'அணிகளுக்கு நஷ்டம் என்கிறீர்களே, உங்கள் கணக்குதான் என்ன?' என்று எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த சீசனில், 2005 முதல், வட்டமான எண்களை விட்டுவிட்டு, ஆள் கணக்காகச் சொல்லத் தொடங்கினார்கள். ஐம்பத்தைந்தாயிரம் மறைந்துபோயிற்று. நாற்பத்து மூன்றாயிரத்துச் சொச்சம், நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் என்று ஒற்றை இலக்கம் வரை எண் வந்தது.

பத்தாயிரம் பேரை ஒரே நாளில் குறைத்துக்கொண்டார்களே, மானம் போயிற்றா? விளம்பரக்காரர்கள் ஓடிப்போனார்களா? ரசிகர்கள் வராமல் இருந்துவிட்டார்களா? இல்லை! 2019-ல் ஒரே வருஷத்தில் 2 கோடியே 65 லட்சம் பேர் ஜப்பானில் பேஸ்பால் பார்த்தார்கள். அது நம்பிச் சொல்லக்கூடிய எண். ஏனென்றால் அதை எண்ணியிருக்கிறார்கள்.

அதே ஜப்பானில் கால்பந்துக்கு ஜே லீக் என்று 1993-ல் தொடங்கினார்கள். பேஸ்பால்காரர்களின் வட்ட எண்களைப் பார்த்துச் சலித்தவர்கள், தொடங்கிய நாளிலிருந்தே ஆள் கணக்குதான் சொல்வது என்று வைத்துக்கொண்டார்கள். அந்த லீக்கில் ஓமியா அர்டிஜா என்று ஓர் அணி. வருஷத்துக்கு மூன்று லட்சம் பேரை மைதானத்துக்கு வரவழைப்போம் என்று இலக்கு வைத்துக்கொண்டது. இலக்கு எட்டவில்லை. என்ன செய்தார்கள்? ஆளைக் கூட்ட முடியாதவர்கள் எண்ணைக் கூட்டினார்கள். 2010-ல் குட்டு உடைந்தது. 2007 நவம்பரிலிருந்து 58 ஆட்டங்களில் மொத்தம் 1,11,737 பேரைக் கூட்டிச் சொன்னதாக வெளிவந்தது. லீக் இரண்டு கோடி யென் அபராதம் போட்டது. கழகத்தின் தலைவர் பதவியை விட்டு இறங்கினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லஞ்சம் வாங்கவில்லை. ஆட்டத்தை விற்கவில்லை. எண்ணைக் கூட்டிச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதற்கு இரண்டு கோடி யென் அபராதம்! பொய்யை ஒவ்வோர் ஆட்டமாகக் கணக்கெடுத்து, 1,11,737 என்று கடைசி இலக்கம் வரை எண்ணி வெளியே வைத்தார்களே, அந்த இடத்தில்தான் எனக்கு அந்த லீக்கின்மேல் மரியாதை வருகிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சேப்பாக்கத்துக்கு வருவோம்.

2011 உலகக் கோப்பைக்காக சேப்பாக்கம் மைதானத்தைப் புதுப்பித்தார்கள். ஐ, ஜே, கே என்று மூன்று புதிய கேலரிகள். ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் இருக்கைகள். பிறகு கட்டட அனுமதிப் பிரச்சினை வந்தது. மாநகராட்சி பூட்டு வைத்தது. வழக்கு, மேல்முறையீடு என்று வருஷங்கள் ஓடின. டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் மஞ்சள் கடல். இன்னொரு பக்கம் மூன்று கேலரிகள் ஆள் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கும். அப்போதும் அறிவிப்பு ஹவுஸ் ஃபுல்தான். பொய்யா? விற்பனைக்கு வந்த டிக்கெட் எல்லாம் தீர்ந்தது உண்மை. அரங்கம் நிறைந்தது என்பது உண்மையா? பன்னிரண்டாயிரம் இருக்கை காலி! இந்தக் காலி இருக்கைக்கு விலையும் கொடுத்தோம். 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் சென்னைக்கு வந்திருக்க வேண்டியது. அந்த மூன்று கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காததால் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. ஹவுஸ் ஃபுல் என்ற பலகைக்குப் பின்னால் எந்த எண் இருக்கிறது என்று அன்றைக்கே நாம் உரக்கக் கேட்டிருந்தால், அந்தப் பூட்டு கொஞ்சம் சீக்கிரம் திறந்திருக்கும் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

அகமதாபாத்துக்குப் போவோம். 1,32,000 பேர் உட்காரக்கூடிய உலகின் மிகப் பெரிய கிரிக்கெட் மைதானம். 2022 மே 29, ஐபிஎல் இறுதி ஆட்டம். 1,01,566 பேர். கின்னஸ் சான்றிதழ் வாங்கினார்கள். பாருங்கள், சான்றிதழ் வேண்டும் என்றால் கடைசி ஆறு பேர் வரை எண்ண முடிகிறது! அடுத்த வருஷம் அதே மைதானத்தில் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம், அக்டோபர் 5. அதற்கு முந்தின மாதம் முழுக்க டிக்கெட் கிடைக்கவில்லை என்று நாடு முழுவதும் புலம்பல். கணினி முன்னால் மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! பிறகு திடீரென்று இன்னும் நான்கு லட்சம் டிக்கெட் விடுகிறோம் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. தொடக்க நாளன்று இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆட இறங்கியபோது உலகமே பார்த்தது என்ன? வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. டிக்கெட் எங்கே போயிற்று? விற்றது எத்தனை, பாஸாகப் போனது எத்தனை, யார் கைக்குப் போனது? அந்தக் கேள்விக்கு ரசிகனுக்குப் பதில் சொன்னவர்கள் உண்டா?

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்த உலகக் கோப்பை முடிந்ததும் ஐசிசி மொத்தக் கணக்கை வெளியிட்டது, 12,50,307 பேர் என்று. இறுதி ஆட்டத்துக்கு 92,453 என்றும் அறிவித்தார்கள். 1,32,000 பிடிக்கும் இடத்தில் தொண்ணூற்றிரண்டாயிரம் என்று சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் நம் ஐபிஎல் ஆட்டங்களின் ஸ்கோர் கார்டை எடுத்துப் பாருங்கள். டாஸ் யார் ஜெயித்தது இருக்கும், நடுவர் பேர் இருக்கும், ஆட்ட நாயகன் இருக்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற வரி இருக்காது. நம் ஊரில் பொய்யான எண்ணைச் சொல்வதைவிட, எண்ணையே சொல்லாமல் விட்டுவிடுவதுதான் வழக்கமாகிவிட்டது.

கால்பந்தில் சொன்னார்கள். இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கிய முதல் சீசனிலேயே, ஓர் ஆட்டத்துக்குச் சராசரி இருபத்து நான்காயிரத்துக்கு மேல், உலகக் கால்பந்து லீக்குகளில் நான்காவது இடம் என்று பெருமையாக அறிவித்தார்கள். கொச்சியில் கூட்டம் அலைமோதியது உண்மை. நம் நேரு ஸ்டேடியத்திலும் சென்னையின் எஃப்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களை நான் பார்த்தேன். ஆனால் அதில் காசு கொடுத்து வந்தவர் எத்தனை, பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனிக்கும் கட்டுக்கட்டாகப் போன பாஸில் வந்தவர் எத்தனை என்று பிரித்துச் சொல்லியிருந்தால், பின்னால் கூட்டம் குறைந்தபோது நோய் எங்கே என்று கண்டுபிடிக்க வசதியாக இருந்திருக்கும். கணக்குப் புத்தகம் சரியாக இருந்தால்தானே கடையில் எந்தச் சரக்கு போகவில்லை என்று தெரியும்?

கொல்கத்தா கதை ஒன்று. 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர் என்று இன்றுவரை சாதனையாகச் சொல்கிறார்கள். மைதானத்தின் கொள்ளளவு அந்நாளில் 1,20,000 என்பார்கள். அப்படியானால் கூடுதலான பதினோராயிரத்துச் சொச்சம் பேர் எங்கே உட்கார்ந்தார்கள்? படிக்கட்டில், நடைபாதையில். இதைக் கேட்டு நாம் கைதட்டுவதா, பயப்படுவதா? அதே கொல்கத்தாவில், அதே இரு அணிகள் மோதிய ஆட்டத்தில், 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் ஏற்பட்ட நெரிசலில் 16 பேர் செத்துப்போனார்கள்.

ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள்? சினிமாக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள், உடனே புரியும். அந்தக் காலத்தில் தியேட்டரில் டிசிஆர் என்று ஒரு தாள் எழுதுவார்கள், அன்றாட வசூல் கணக்கு. கேளிக்கை வரிக்காரருக்குக் காட்டும்போது ஆள் குறையும். கொட்டகை நிறைய ஆள் இருக்கும், தாளில் பாதிதான் இருக்கும். இதைத் தெரிந்துதான் விநியோகஸ்தர் படப் பெட்டியோடு தன் ஆளையும் அனுப்புவார், வாசலில் நின்று எண்ண. அதே படத்துக்குப் போஸ்டர் ஒட்டும்போது 'அரங்கம் நிறைந்த காட்சிகள்' என்று ஒட்டுவார்கள். அதே நாற்காலி, அதே ஆள். வரிக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கு. விளையாட்டிலும் இதேதான். விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்குக் கூட்டம் காட்ட வேண்டும். அடுத்த வருஷ ஸ்பான்சருக்குக் காட்ட வேண்டும். போட்டி அணியைவிட ஒரு தலையாவது கூடக் காட்ட வேண்டும். அதனால் எண் வளர்கிறது. வரியும் வாடகையும் தலைக்கு இத்தனை என்று கேட்கிற இடத்தில் அதே எண் சுருங்குகிறது.

அன்பர்களே, இதுவரை பணத்தைப் பற்றியும் பெருமையைப் பற்றியும் பேசினேன். இனி உயிரைப் பற்றிப் பேச வேண்டும்.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரம், ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்ஏ கோப்பை அரையிறுதி. ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால், நின்று பார்க்கிற மேடை. அதில் 10,100 பேர் நிற்கலாம் என்று 1979-ல் ஒரு சான்றிதழ் எழுதினார்கள். அதன்பிறகு அந்த இடத்தில் இரும்பு வேலி போட்டுத் தொழுவம்போலத் தடுத்தார்கள். தடுத்த பிறகு எத்தனை பேர் நிற்க முடியும் என்று யாரும் புதிதாக எண்ணவில்லை. பழைய 10,100 அப்படியே தாளில் இருந்தது. வாசலில் எண்ணும் மெஷின் இருந்தது. ஆனால் அது மேடை முழுவதற்கும் சேர்த்துத்தான் எண்ணியது. எந்தத் தடுப்புக்குள் எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. வெளியே நெரிசல் என்று பெரிய கேட்டைத் திறந்துவிட்டார்கள். நடுவில் இருந்த இரண்டு தடுப்புகளுக்குள் கூட்டம் போய் அடைத்தது. பக்கத்துத் தடுப்புகளில் இடம் இருந்தது. மொத்தக் கணக்கில் எல்லாம் சரி. 97 பேர் செத்தார்கள்.

மரத்தடியில் தலையை எண்ணுவோம் என்று சொன்னேனே, அந்த எண் இதுதான்.

தூரத்து ஊர் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூன் 4, பெங்களூரு, சின்னசாமி மைதானம். உள்ளே முப்பத்தைந்தாயிரம் பேருக்குத்தான் இடம். வெளியே இரண்டு மூன்று லட்சம் பேர் திரண்டார்கள் என்று அந்த மாநில முதலமைச்சரே சொன்னார். அந்த ஊர் அணி ஐபிஎல் கோப்பை வென்ற கொண்டாட்டம். யார் உள்ளே வரலாம், எத்தனை பேர் வரலாம் என்று ஒழுங்கான கணக்கு இல்லை. நெரிசலில் 11 பேர் செத்தார்கள். எல்லாம் இளவயது. நம் மெரினாவிலும் பார்த்தோம். 2024 அக்டோபர் 6, விமானப்படை சாகசம். பதினைந்து லட்சம் பேர் என்று பெருமையாகச் சொன்னார்கள். வெயிலில் தண்ணீருக்கு அலைந்தவர்களையும், வேளச்சேரி ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர்களையும் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். ஐந்து பேர் அன்று வீடு திரும்பவில்லை. பதினைந்து லட்சம் வருவார்கள் என்று எதிர்பார்த்தால், பதினைந்து லட்சம் பேருக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டிருக்க வேண்டாமா? எண்ணைச் சாதனைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீருக்கும் வழிக்கும் எடுத்துக்கொள்ளாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

எண்ணுவது கஷ்டமா? இல்லவே இல்லை! முன்பு நான் பாயில் உட்கார்ந்து துண்டு பொறுக்கினேன். இன்றைக்குத் திருமங்கலத்தில் மெட்ரோ ஏறினால், சென்ட்ரலில் மாறி, கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கிச் சேப்பாக்கத்துக்கு நடந்துவிடலாம். ஐபிஎல் நாளில் ஆட்ட டிக்கெட்டில் இருக்கும் குறியீட்டையே மெட்ரோ மெஷினில் காட்டி இலவசமாகப் போய்வந்திருக்கிறோம். மைதான வாசலிலும் அதே குறியீட்டைத்தான் மெஷின் படிக்கிறது. படித்த ஒவ்வொரு டிக்கெட்டும் எங்கோ ஒரு கணினியில் பதிவாகிறது. முதல் பந்து வீசும் முன்பே எத்தனை பேர் உள்ளே என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த எண்ணை ஏன் திரையில் போடக்கூடாது?

மெல்பர்னில் போடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் டெஸ்ட் ஆட்டத்தில், மதியத்துக்கு மேல் ஒரு நேரத்தில் பெரிய திரையில் அன்றைய எண் வரும். ஆட்டம் நின்றதுபோல எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொள்வார்கள். 2024-ல் இந்தியாவோடு நடந்த டெஸ்டில் ஐந்து நாளுக்கும் சேர்த்து 3,73,691 பேர். பிராட்மன் காலத்தில், 1936-37-ல் வந்த கூட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. எப்படி முடிந்தது? எண்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பும் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. மைதானத்தில் திறந்திருக்கும் இருக்கை எத்தனை, விற்றது எத்தனை, ஓசி பாஸ் எத்தனை, உள்ளே வந்தது எத்தனை. நான்கு வரி. ஸ்கோர் கார்டின் அடியில் அச்சடியுங்கள். பெரிய வாரியங்களை மட்டும் நான் சொல்லவில்லை. இந்த ஊரில் பொங்கலுக்குக் கபடி நடத்துகிற தம்பிகளே, ஞாயிறு ஞாயிறு டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துகிற தம்பிகளே, உங்களையும்தான் சொல்கிறேன். வாசலில் ஒரு பையனை உட்கார வையுங்கள். அவன் சொல்கிற எண்ணை மைக்கில் சொல்லுங்கள். அறுநூறு என்றால் அறுநூறு. அறுநூறு பேர் தங்கள் ராத்திரியை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது சின்ன எண்ணா?

ஒரே ஒரு நினைவைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட், நான்காம் நாள். இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136 ரன் அடித்தார். அவர் அவுட் ஆனதும் மளமளவென்று விக்கெட் சரிந்தது. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். கேலரியில் ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, மெதுவாக எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். அந்தப் பக்கம் ஒருவர் எழுந்தார். பிறகு அந்த வரிசை. பிறகு அந்த கேலரி. பிறகு மைதானமே நின்றது. பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரமும் அவர் ஆட்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். நாங்கள் கைதட்டிக்கொண்டே இருந்தோம்.

அன்று இரண்டாம் ஷிப்டுக்கு லீவ் போட்டுவிட்டுப் போனவன் நான். அந்த டிக்கெட்டின் பாதி இன்னும் என் வீட்டு இரும்புப் பெட்டியில், ரேஷன் கார்டோடு இருக்கிறது. ஓரம் மஞ்சளாகிவிட்டது. கிழித்த இடத்தில் நூல்நூலாகப் பிரிந்திருக்கிறது. அதன் மறுபாதியை அன்றைக்கு வாசலில் நின்றவர் கிழித்து ஒரு பெட்டியில் போட்டார். நான் பார்த்தேன்.